அசினு: மலையடிவாரத்தில் ஒரு சிறு கோயில்

அன்பு நண்பர்களே,

நான் பேசப்போவது சைப்ரஸ் தீவின் ட்ரூடோஸ் மலையடிவாரத்தில், நிக்கிடாரி கிராமத்துக்கு அருகே இருக்கும் அசினு மாதா கோயிலைப் பற்றி. வெளியிலிருந்து பார்த்தால் தானியக் களஞ்சியம் என்று நினைத்துக் கடந்து போய்விடலாம். செங்குத்தாகச் சரியும் ஓட்டுக் கூரை. அதற்கு அடியில் கல்லால் வளைத்துக் கட்டிய இன்னொரு கூரை. மழையும் பனியும் சுவருக்குள் இறங்காமல் காத்தது அந்த மேல்கூரைதான்.

உள்ளே போனால் சுவரெல்லாம் ஓவியம். தெற்கு வாசலுக்கு மேலே வண்ணத்தில் எழுதிய சாசனம் ஒன்று உண்டு. மாஜிஸ்ட்ரோஸ் என்ற உயர் அரசுப் பட்டம் பெற்ற நிக்கிஃபோரோஸ் தன் கொடையாலும் பெருவிருப்பத்தாலும் இங்கே ஓவியம் தீட்டச் செய்தார், பைசாந்தியப் (கிழக்கு ரோமானியப்) பேரரசர் அலெக்ஸியோஸ் கொம்னினோஸ் காலம், ஆண்டு 6614 என்கிறது அது. உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணும் பைசாந்தியக் கணக்கு, நமக்கு 1105-06. அவரும் அங்கே ஓவியமாக இருக்கிறார், கோயிலின் சிறு உருவத்தைக் கையில் ஏந்தியபடி. மாதா அவரைக் கிறிஸ்துவிடம் அழைத்துப் போகிறாள்.

மலைக்காட்டுக்கு இவ்வளவு தேர்ந்த ஓவியர் எப்படி வந்தார்? 1090-களின் தொடக்கத்தில் தீவில் எழுந்த கலகத்தை அலெக்ஸியோஸ் அடக்கினார். பிறகு பேரரசின் அதிகாரிகள் வந்தார்கள். அவர்களோடு பணமும் தலைநகரின் ரசனையும் வந்தன. அந்தத் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளின் கலையைப் பழகிய கை இது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

என்னைக் கேட்டால், இந்தக் கோயிலின் பெருமையே அதன் சிறுமைதான். பெரிய ஆலயங்களில் புனிதர்களை அண்ணாந்து பார்க்க வேண்டும். இங்கே அவர்கள் நம் பக்கத்தில் நிற்கிறார்கள். செபஸ்தேயின் நாற்பது மறைசாட்சிகளைப் பாருங்கள். விசுவாசத்தை விட மறுத்ததற்காக உறையும் ஏரியில் ஆடையின்றி நிறுத்தப்பட்ட ரோமானியப் படைவீரர்கள் அவர்கள். கைநீட்டும் தூரத்தில் இத்தனை உடல்கள் குளிரில் நெருங்கி நிற்கும்போது, கதை தெரியாதவருக்கும் அந்த வேதனை புரிந்துவிடும்.

அப்புறம், 12-ம் நூற்றாண்டில் பின்னர் சேர்த்த முன்மண்டபம். 1332-33-ல் அதற்குப் புதிதாக ஓவியம் தீட்டினார்கள். தீவு அப்போது பிரெஞ்சு வம்சத்துக் கத்தோலிக்கரான லூசிஞான் மன்னர்களின் கையில். ஆனாலும் கிரேக்க மரபின் ஓவியம் நிற்கவில்லை. கொடை கொடுத்தவர்கள் தங்கள் காலத்து உடையிலேயே வரையப்பட்டிருக்கிறார்கள். அவர்களோடு வேட்டைநாய்களும் தீவின் காட்டாடுகளும் உண்டு. அந்த ஆடுகள் இன்றும் பாஃபோஸ் காட்டில் வாழ்கின்றன.

நூற்றாண்டுக் கணக்கில் மெழுகுவர்த்திப் புகை படிந்த இந்தச் சுவர்களை 1960-களில் டம்பர்டன் ஓக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் வல்லுநர்கள் பொறுமையாகச் சுத்தம் செய்தார்கள். 1985-ல் யுனெஸ்கோ ட்ரூடோஸின் ஓவியக் கோயில்களை உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது, அசினுவும் அதில் ஒன்று.