தாலி கட்டிய பிறகுதான் காதல் கதையே ஆரம்பிக்கிறது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கேட்க வந்திருக்கும் பெரியவர்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். தமிழ்ப் படங்களில் மனதில் நிற்பது சேர்ந்த காதலா, பிரிந்த காதலா என்பது தலைப்பு. நான் சேர்ந்த காதலுக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய சகோதரி '96' படத்தைச் சொன்னார். 22 வருடம் கழித்து ராமும் ஜானுவும் சந்திக்கிறார்கள், ஒரே ஒரு இரவு, அப்புறம் அவள் சிங்கப்பூருக்குப் போய்விடுகிறாள், தியேட்டரே அழுதது, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார். நானும் அழுதேன் சகோதரி. ஆனால் ராமுக்கும் ஜானுவுக்கும் வீட்டு வாடகைக்காக ஒரு சண்டை வந்ததுண்டா? மாமியாரைப் பற்றி அவள் ஏதோ சொல்லப்போய், அதற்கு அவன் இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்ததுண்டா? பள்ளிக்கூடத்தில் பார்த்த முகம் அவன் மனதில் அப்படியே நிற்கிறது. பிரிந்த காதலுக்குப் பரீட்சையே கிடையாது, அதனால் அது தோற்கவும் தோற்காது.

பரீட்சை எழுதிய காதல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா, மணிரத்னத்தின் 'அலைபாயுதே' பாருங்கள். 2000-ல் வந்த படம். கார்த்திக்கும் சக்தியும் யாருக்கும் தெரியாமல் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போகிறார்கள், விஷயம் வெளியே வந்ததும் இரண்டு வீட்டையும் விட்டுவிட்டு, கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தில் குடித்தனம் வைக்கிறார்கள். வேறு படமாக இருந்தால் இங்கேயே 'வணக்கம்' போட்டிருப்பார்கள். இங்கே இதற்குப் பிறகுதான் காதல் தொலைய ஆரம்பிக்கிறது, அதுவும் வில்லன் என்று ஒருத்தனும் இல்லாமல். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வந்து பார் என்று அவள் கேட்கிறாள், இவன் மறுக்கிறான். கடைசியில் சரி என்று கிளம்பும்போது காலம் கடந்துவிட்டது, அவர் போய்விட்டார். கல்யாணம் ஆனவர்களைக் கேளுங்கள், இப்படி ஒரு 'முன்னாடியே போயிருக்கலாமே' இல்லாத வீடு இருக்கிறதா என்று. அந்தக் குற்ற உணர்ச்சியையும் அடுத்தடுத்து வந்த சண்டைகளையும் தாண்டி அவன் அவளைத் தேடி அலைகிறானே, எனக்கு அதுதான் காதல்.

'மௌன ராகம்' என்றால் நடிகர் கார்த்திக் மனோகராக வரும் பகுதிதான் மனதில் நிற்கிறது என்று எதிரணியில் சொல்வார்கள். சரி, நிற்கட்டும், மனோகரை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் படம் அவன் சாவோடு முடியவில்லையே! கல்யாணத்துக்குப் பரிசாக என்ன வேண்டும் என்று கேட்கிற கணவனிடம் விவாகரத்து வேண்டும் என்கிறாள் திவ்யா. ஒரு வருடம் சேர்ந்து இருந்துவிட்டு வாருங்கள் என்கிறது சட்டம். டெல்லியில் ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர், பேச்சே இல்லை, அவன் கோபித்துக்கொள்ளவும் மாட்டேன் என்கிறான். போனவனை மறக்காமலே பக்கத்தில் இருப்பவனை அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்க ஆரம்பிக்கிறாள், அவள் மனம் திரும்பும் நேரத்தில் அவன் விலகிப்போகத் தயாராகிவிடுகிறான். 1986-ல் இதை எடுத்திருக்கிறார்கள். செத்துப்போனவனை நேசித்துக்கொண்டே இருப்பதைவிட, வாழ வந்த இடத்தில் மறுபடி ஒருத்தனை நம்புவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பேச்சாளர் பாலாஜி சக்திவேலின் 'காதல்' படத்தையும் பிரிவின் பட்டியலில் சேர்த்தார். எனக்கு அதில் வருத்தம். மதுரையில் ஒரு மெக்கானிக் பையனும் பெரிய வீட்டுப் பெண்ணும் சென்னைக்கு ஓடிவந்து கல்யாணம் செய்துகொள்கிறார்கள், நயமாகப் பேசி ஊருக்குக் கூட்டிப்போய் அடித்துப் பிரிக்கிறார்கள், அவனுக்குப் புத்தி பேதலித்துப் போகிறது. அது பிரிவு இல்லை நடுவர் அவர்களே, சாதி செய்த வன்முறை. அதைப் பார்த்து "என்ன அழகான பிரிவு" என்று எவராவது சொல்ல முடியுமா? இவர்களை வாழ விட்டிருக்கக் கூடாதா என்றுதான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அந்தப் படம் எங்கள் அணிக்குத்தான் சாட்சி.

வள்ளுவரே பிரிவைத்தானே அதிகம் பாடினார் என்றும் கேட்டார்கள். பாடினார்தான். ஆனால் காமத்துப்பாலின் 25 அதிகாரங்களில் களவியலுக்கு 7, கற்பியலுக்கு 18. அவர் பாடிய பிரிவில் பெரும்பகுதி அந்தக் கற்பியலில்தான் வருகிறது, அதாவது கல்யாணம் ஆனவர்களின் பிரிவு. போனவன் வருவான் என்று காத்திருக்கும் பிரிவு. கடைசி அதிகாரம் ஊடலுவகை, கடைசிக் குறள் "கூடி முயங்கப் பெறின்" என்று, அதாவது சேர்ந்து தழுவுவதில் முடிகிறது.

இன்னும் ஒன்றே ஒன்று. கௌதம் மேனனின் 'விண்ணைத்தாண்டி வருவாயா' 2010-ல் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே நாளில் வந்தது. தமிழில் நாயகி ஜெஸ்ஸி வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விடுகிறாள், தெலுங்கில் இருவரும் சேர்கிறார்கள். தெலுங்கு ரசிகர்கள் அதையும் கொண்டாடினார்கள், சேர்ந்ததால் படம் ஒன்றும் குறைந்துபோகவில்லை. தமிழுக்கே வருவோம். காதலை இழந்த நாயகன், இவன் பெயரும் கார்த்திக்தான், இயக்குநராகி, தன் கதையையே படமாக எடுக்கிறான். இப்போது முடிவு அவன் கையில். பிரிவுதான் பெரிது என்றால் நடந்ததை நடந்தபடியே எடுத்திருக்கலாமே? எதிரணி நண்பர்கள் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: தன் படத்தில் அவன் ஏன் ஜெஸ்ஸிக்குத் தாலி கட்டினான்?