மனூச்சி: கண்ணால பார்த்ததும் காதால கேட்டதும்

எல்லாருக்கும் வணக்கம். ஊர் ஊரா சுத்தின இத்தாலிக்காரர், தன் கதைய தானே எழுதி வச்சவர்னு சொன்னா நெறைய பேருக்கு காசநோவாதான் ஞாபகம் வரும், இவர் வேற. காசநோவா பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே, 1638ல, அதே வெனிஸ்ல பொறந்தவர் நிக்கோலோ மனூச்சி. 14 வயசு வாக்குல வீட்ட விட்டு கெளம்பினவர் அப்புறம் திரும்பிப் போகவே இல்ல, கடைசி முப்பது வருஷம் போல நம்ம சென்னைலயும் பாண்டிச்சேரிலயும்தான் இருந்தாரு, இங்க உக்காந்துதான் "ஸ்தோரியா தோ மோகோர்", அதாவது மொகலாயர் வரலாறுங்கற பெரிய நூல எழுதினாரு. மொகலாயர் காலத்தப் பத்தி யார் எழுதினாலும் அந்தப் புத்தகத்த தொடாம போக முடியாது. ஆனா அத எப்படிப் படிக்கணும்ங்கறதுல எனக்கு ஒரு பிடிவாதம் இருக்கு. இந்த மனுஷன் எதக் கண்ணால பார்த்தாரு, எதக் காதால கேட்டு எழுதினாருன்னு பக்கத்துக்குப் பக்கம் பிரிச்சுப் பார்த்துக்கிட்டே படிக்கணும். அப்படிப் படிச்சா அவர் மேல மரியாதை கூடுமே ஒழிய கொறையாது.

கதைய சுருக்கமா சொல்றேன். வெனிஸ்ல கெளம்பற ஒரு கப்பல்ல பையன் ஒளிஞ்சுக்கறான். கப்பல்ல பெல்லமான்ட் பிரபுன்னு ஒருத்தர் வர்றாரு. இங்கிலாந்துல ராஜாவ வெட்டிட்டாங்க, நாடு கடந்து இருக்கற அவர் மகன் ரெண்டாம் சார்லஸுக்கு உதவி கேட்டு பாரசீகத்துக்கும் மொகலாய தர்பாருக்கும் தூது போறவர் அவரு. பையன வேலைக்கு சேர்த்துக்கறாரு. துருக்கி, பாரசீகம்னு தரை வழியா வந்து கப்பல் ஏறி 1656 ஜனவரில சூரத்ல எறங்கறாங்க. அதே வருஷம் ஜூன்ல ஆக்ராலேர்ந்து டெல்லி போற வழில பிரபு செத்துப் போயிடறாரு, மொகலாயர்கிட்ட வேல பார்த்த ரெண்டு இங்கிலீஷ்காரங்க வந்து சாமான் எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிடறாங்க. கேக்க நாதி இல்லாத அந்த 18 வயசுப் பையன் டெல்லி வரைக்கும் போய் தர்பார்ல முறையிட்டு ஒரு பகுதிய மீட்டுக்கிட்டு வர்றான் பாருங்க, எனக்கு மனூச்சி மேல பிடிப்பு வந்ததே அந்த எடத்துலதான்.

அப்புறம் தாரா ஷுகோ கிட்ட பீரங்கிப் படைல வேல, மாசம் 80 ரூபா சம்பளம். ஷாஜகானோட மூத்த பையன் தாரா, அடுத்து பட்டத்துக்கு வர வேண்டியவர். 1658 மே மாசம் ஆக்ரா பக்கத்துல சாமுகர்ல தம்பி ஔரங்கசீப்போட மோதல், மனூச்சி அந்தக் களத்துல பீரங்கி பக்கத்துல நிக்கறாரு. பீரங்கி வண்டிகளுக்கு நடுவுல வழி பண்ணிக்கிட்டு தாரா முன்னால பாய்ஞ்சது, சண்டை நடுவுல யானைலேர்ந்து எறங்கி குதிரை ஏறினது, யானை மேல ஆளக் காணோம்னதும் படை அவர் செத்துட்டார்னு நெனச்சு சிதறினது எல்லாத்தையும் எழுதறாரு. யானை மேலேர்ந்து எறங்கினதுல ஒரு சாம்ராஜ்யமே கை மாறிப் போச்சு. இதயெல்லாம் பக்கத்துல நின்னவன் எழுத்துல படிக்கறப்ப அந்தப் புழுதி நம்ம மேலயும் படியற மாதிரி இருக்கும். இன்னொன்னு பாருங்க, தோத்த பக்கம்னு தெரிஞ்சதும் அவர் கட்சி மாறல, வேஷம் மாத்திக்கிட்டு லாகூர் வரைக்கும் தாராவத் தேடிப் போனாரு, சிந்து நதில இருக்கற பக்கர் கோட்டைய முற்றுகைல பீரங்கி வச்சு காத்தாரு. 1659ல தாராவக் கொன்னதுக்கு அப்புறம் ஔரங்கசீப்கிட்ட நேரடியா வேலைக்கு சேர மாட்டேன்னுட்டாரு.

இந்த விசுவாசம் அவர் பலம்தான், ஆனா எழுத்துல இதுவே ஒரு கோணலும் ஆயிடுது. தாராவோட தலைய ஒரு பெட்டில வச்சு சிறைல இருக்கற அப்பா ஷாஜகானுக்கு சாப்பாட்டு நேரத்துல அனுப்பினாங்கன்னு எழுதறாரு, கேட்டாலே நெஞ்சு பதறும், ஆனா அப்ப ஆக்ரா கோட்டைக்குள்ள அவர் இல்ல. இசைக் கலைஞர்கள் பாடை தூக்கிக்கிட்டு அழுதுக்கிட்டே போனாங்க, சங்கீதம் செத்துப் போச்சுன்னு சொன்னாங்க, அதுக்கு ஔரங்கசீப் நல்லா ஆழமா பொதைங்கன்னாருன்னு ஒரு கதை இருக்குல்ல, மேடைல எல்லாம் சொல்வாங்களே, அதப் பரப்பினதுல இவர் புத்தகத்துக்கும் பங்கு உண்டு. ஆனா ஔரங்கசீப் ஆட்சிலதான் பாரசீக மொழில சங்கீத நூல்கள் ஏகப்பட்டது எழுதப்பட்டிருக்கு, பெரிய மனுஷங்க வீட்டுல கச்சேரி நின்னு போகல. நான் மனூச்சிய பொய்யர்னு சொல்ல வரல, தன் எஜமானன கொன்னவனப் பத்தி ஊர்ல உலாவின பேச்ச எல்லாம் சேர்த்து வச்சிருக்காரு, அந்தப் பேச்சு உலாவினதே ஒரு சரித்திர சாட்சிதானே.

நேர்ல பார்த்த எடத்துக்கு வந்தா அவர் எழுத்து தனியா தெரியும். ஔரங்கசீப்போட தளபதி ராஜா ஜெய்சிங்கிட்ட வேல பார்த்துக்கிட்டு தக்காணம் வந்தப்ப, 1665ல சிவாஜியோட புரந்தர் கோட்டைய முற்றுகை போட்ட சமயம், ராத்திரி ராஜாவும் இவரும் சீட்டாடிக்கிட்டு இருக்காங்க, சிவாஜி கூடாரத்துக்குள்ள வர்றாரு. எல்லாரும் எந்திரிக்கறாங்க. இவன் எந்த நாட்டு ராஜான்னு மனூச்சியக் காட்டி சிவாஜி விசாரிக்கறாரு, பரங்கி ராஜான்னு ஜெய்சிங் சொல்றாரு. அப்புறம் ஐரோப்பால எந்தெந்த அரசன் பெரியவன்னு சிவாஜி கேட்டுக் கேட்டு தெரிஞ்சுக்கறாரு, ஏன்னா அதுவரைக்கும் ஐரோப்பால போர்ச்சுகல் ராஜாவ விட்டா வேற ராஜாவே இல்லன்னு அவர் நெனச்சுக்கிட்டு இருந்திருக்காரு. சின்ன விஷயம்தான், ஆனா சிவாஜியோட அந்த ஆர்வத்த எந்த தர்பார் எழுத்தர் எழுதி வச்சிருக்கப் போறாரு?

நடுவுல வைத்தியரா வேற ஆயிட்டாரு, எங்கயும் படிக்கல, லாகூர்ல தொழில் ஆரம்பிச்சு பேர் வாங்கி கடைசில ஔரங்கசீப் மகன் ஷா ஆலம் வீட்டுக்கே வைத்தியரா போனாரு. அந்தப்புரத்துல வைத்தியரோட தலைய மூடி கூட்டிக்கிட்டு போவாங்களாம், திரைக்குள்ள கைய மட்டும் விட்டு நாடி பார்க்கணுமாம். கோவாவுல போர்ச்சுகீசியருக்காக சிவாஜி மகன் சம்பாஜிகிட்ட தூது போனதும் உண்டு, அத விரிச்சா நேரம் பத்தாது.

1686ல மெட்ராஸ் வர்றாரு. தாமஸ் கிளார்க்ங்கறவரோட விதவை எலிசபெத்த கல்யாணம் பண்ணிக்கறாரு, இங்கயே வைத்தியம் பார்த்துக்கிட்டு நிலைச்சுடறாரு. பாரசீகமும் மொகலாய மரியாதை முறையும் தெரிஞ்ச ஐரோப்பியர் இங்கிலீஷ் கம்பெனியோட புனித ஜார்ஜ் கோட்டைல எத்தன பேர் இருந்திருப்பாங்க, அதனால மொகலாயர் தரப்பு நவாப் தாவூத் கான்கிட்ட பேசணும்னா கோட்டை கவர்னர் தாமஸ் பிட் இவரத்தான் பரிசுப் பொருளோட அனுப்பினாரு. அப்படியும் 1702ல தாவூத் கான் அந்தக் கோட்டைய மூணு மாசம் போல முற்றுகை போட்டாரு, பணம் கொடுத்துத்தான் ஒதுங்க வச்சாங்க. அந்த நாள் மெட்ராஸ் பத்தி கம்பெனி ஏட்டுல வரவு செலவு கெடைக்கும், மனூச்சிகிட்ட மனுஷங்க கெடைப்பாங்க.

இப்ப புத்தகத்தோட கதை, எனக்கு ரொம்ப மனசுக்கு நெருக்கமான பகுதி இதுதான். சின்ன வயசுலயே வீட்ட விட்டவர், எந்த மொழிலயும் சரளமா எழுத வராது, அதனால எழுதிக் கொடுக்க கெடைச்ச ஆளப் பொறுத்து கொஞ்சம் இத்தாலியன்ல, கொஞ்சம் போர்ச்சுகீஸ்ல, கொஞ்சம் பிரெஞ்சுல சொல்லி எழுத வச்சாரு. முதல் பகுதிகள பாண்டிச்சேரி கவர்னர் பிரான்சுவா மார்த்தேனோட மருமகன் கையில பாரிஸுக்கு அனுப்பினாரு. அங்க அது கத்ரூங்கற ஜேசு சபை பாதிரியார் கைக்குப் போச்சு. அவர் 1705ல தன் புத்தகமா மாத்தி அச்சடிச்சாரு, மனூச்சி குறிப்புகள வச்சு எழுதினதுன்னு பேர் போட்டாரு, ஆனா மனூச்சி வாழ்க்கைய வெட்டித் தூக்கிட்டு, மத்தவங்க எழுதினதையும் கலந்து வெறும் அரசர் வரலாறா ஆக்கிட்டாரு. கெழவருக்கு வந்த கோவம் எனக்குப் புரியுது, ஒரு மனுஷன் ஆயுசு முழுக்க பட்டத எழுதினா அவனையே தூக்கி வெளிய வீசினா எப்படி இருக்கும்? உடனே தன்கிட்ட இருந்த மூலப் பிரதிய கப்புச்சின்ங்கற வேற துறவிகள் சபைப் பாதிரியார் ஒருத்தர்கிட்ட கொடுத்து வெனிஸ் செனட்டுக்கு அனுப்பி, இத என் பேர்ல அச்சிடுங்கன்னு கேட்டாரு. வெனிஸ் வாங்கி வச்சுக்கிச்சு, அச்சிடல.

ஷா ஆலம் வீட்டுல வேல பார்த்த மீர் முகமதுங்கற ஓவியர வச்சு மொகலாய அரசர்கள் படமெல்லாம் வரைய வச்சிருந்தாரு, அந்தத் தொகுப்பும் வெனிஸுக்குப் போச்சு, 1797ல நெப்போலியன் படை அங்கேர்ந்து தூக்கிட்டு வந்து இப்ப பாரிஸ் தேசிய நூலகத்துல இருக்கு. நம்ம கோரமண்டலக் கரை ஓவியர்கள் வரைஞ்ச கோயில், தெய்வம், திருவிழா, சடங்கு படங்கள் இன்னொரு தொகுப்பு, அது வெனிஸ்லயே இருக்கு. மனூச்சி 1717 வாக்குல காலமாயிட்டாரு, தன் புத்தகத்த தன் பேர்ல முழுசா பார்க்காமலே. வில்லியம் இர்வின்ங்கற ஓய்வு பெற்ற ஐசிஎஸ் அதிகாரி கையெழுத்துப் பிரதிகளத் தேடிக் கண்டுபிடிச்சு 1907, 1908ல நாலு வால்யூமா இங்கிலீஷ்ல கொண்டு வந்தாரு, கிட்டத்தட்ட இருநூறு வருஷம் கழிச்சு.

படிக்கணும்னு ஆசைப்படறவங்க இர்வின் பதிப்புல முதல் வால்யூம்ல சாமுகர் சண்டைலேர்ந்து தொடங்குங்க, வம்சாவளியெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். அப்படியே ரெண்டாவது வால்யூம்ல சிவாஜி வர்ற எடம், பிறகு கடைசிப் பகுதிகள்ல மெட்ராஸ். ஓரத்துல பென்சில்ல ரெண்டு குறி மட்டும் போட்டுக்கிட்டே போங்க, பார்த்ததுக்கு ஒண்ணு, கேட்டதுக்கு ஒண்ணு.