குதிரைக்குக் காயம் பட்டால் முதலில் தண்ணீர்

வணக்கம் நேயர்களே. கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக்கு விடும் குதிரை ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். வேலிக் கம்பி கிழித்து, முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குத் தோல் பிளந்திருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அதன்மேல் காப்பித்தூளை அப்பிவிட்டார்கள். "இரத்தம் நிற்கட்டும் என்றுதான் வைத்தோம் ஐயா" என்றார் குதிரைக்காரர். அக்கறையோடுதான் செய்தார். ஆனால் காயத்தோடு ஒட்டிக் காய்ந்துபோன அந்தத் தூளைக் கழுவி எடுக்க அரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அந்தப் பெண்குதிரை உடம்பு நடுங்க நின்றது.

காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றதும் தண்ணீர். ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் நிற்கும் அதே பக்கத்தில் நிற்கட்டும். எடுத்த எடுப்பில் காயத்தின்மேல் பீய்ச்சினால் குதிரை மிரளும். குளம்பின்மேல் விட்டு, அது பழகிய பிறகு மெல்ல மேலே வாருங்கள். மண்டியிட்டு உட்காராதீர்கள், குந்தி இருந்தால்தான் சட்டென்று விலக முடியும். பத்து நிமிடமாவது தண்ணீர் ஓடட்டும். பிறகு, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பு, அதாவது ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி கரைத்து, அதனால் அலசுங்கள். போவிடோன் அயோடின் இருந்தால் வெளிறிய தேநீர் நிறத்துக்குத் தண்ணீர் கலந்து ஊற்றலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தால் கிருமி சாகிறது என்று மனம் நிறையும். காயத்தை ஆற்ற முளைக்கும் இளஞ்சதையும் அதில் கருகுகிறது.

கழுவிய பிறகு, காயம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தொடையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்தாலும் பெரும்பாலும் ஆறிவிடும். முழங்காலுக்குக் கீழே சதைப்பற்று கிடையாது. தோலும் தசைநாணும் எலும்பும்தான். அங்கே சிறு காயமும் மெதுவாகவே ஆறும். சில வேளை சிவந்த சதை காயத்தின் விளிம்பைத் தாண்டி, காலிஃபிளவர் பூத்தது போலப் பொங்கி நிற்கும். அதற்கு மேல் தோல் மூடாது. மருத்துவரிடம் காட்டித்தான் சரிசெய்ய வேண்டும்.

மூட்டின் அருகே குண்டூசி அளவு துளை இருந்தாலும் என் வயிறு கலங்கும். ஒருமுறை அப்படியொரு துளையிலிருந்து முட்டை வெண்கரு போல வழவழப்பாக, இலேசான மஞ்சள் நிறத்தில் நீர் கசிந்தது. இரத்தமே வரவில்லை என்று மூன்று நாள் சும்மா இருந்துவிட்டார்கள். கசிந்தது மூட்டுக்குள் இருக்கும் மசகு நீர். கிருமி மூட்டுக்குள் இறங்கிவிட்டது. அந்தக் குதிரை பிறகு சரியாக நடக்கவே இல்லை. இத்தகைய துளையைக் கண்டால் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். குளம்பில் ஆணி ஏறினாலும் அன்றைக்கே அழையுங்கள். பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்றால், எவ்வளவு ஆழம், எந்தச் சாய்வு என்று பார்த்து வைத்து அவரிடம் சொல்லுங்கள்.

ஈ மொய்த்தால் வேப்பெண்ணெயைக் காயத்தைச் சுற்றித் தடவலாம், உள்ளே வேண்டாம். சேணம் உரசி வந்த புண்ணுக்கு, ஆறும்வரை சேணத்தை ஏற்றாமல் இருப்பதே மருந்து. சீசன் நேரத்தில் அது ஒரு வீட்டின் வருமானம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

டெட்டனஸ் என்னும் ரண ஜன்னி, வீட்டு விலங்குகளிலேயே குதிரையைத்தான் மிக எளிதாகத் தாக்குகிறது. வெகுகாலம் நமக்கெல்லாம் போட்ட டெட்டனஸ் எதிர்ச் சீரம் குதிரை இரத்தத்திலிருந்து எடுத்ததுதான். நமக்குச் சீரம் தந்த உயிருக்கு நாம் தடுப்பூசி போடாமல் விடுகிறோம். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. போடாத குதிரைக்குக் காயம் பட்டால் உடனே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஏரிக்கரைக் குதிரைக்கும் அன்றுதான் முதல் ஊசி. குதிரைக்காரரின் மகன் கரித்துண்டை எடுத்து, அடுத்த ஊசிக்கான தேதியை லாயத்துச் சுவரில் எழுதினான். குதிரையின் பெயரையும் பக்கத்தில் எழுதினான். நன்றி, வணக்கம்.