1,700 வருஷத்து மண்டையோடு பிடித்துக்கொடுத்த கொலைகாரன்!

[திரையில்: பனி மூடிய தேயிலைச் சரிவு]

வணக்கம் மக்களே! கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கவாத்து வெட்டப் போனவர் காலில் ஒரு மண்டையோடு இடறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் 20 வருஷத்துக்கு முன்னால் ‘பெண் மாயம்’ என்று பதிவான எஃப்ஐஆர் ஒன்று கிடக்கிறது. புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் ரைட்டரைக் கூப்பிட்டு, “அந்தப் பழைய கேஸ் கட்டை எடுங்க” என்கிறார்.

எடுக்கலாமா? தாராளமாக. கொலைக்குக் காலக்கெடு கிடையாது. துப்புத் துலங்கவில்லை என்று மூடிய கேஸிலும் மேல் விசாரணை நடத்தலாம்: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 173(8), 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் பிரிவு 193(9). சட்ட வகுப்பு முடிந்தது!

இங்கே உண்மையான வில்லன் மண். தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும், பிஹெச் 4.5 முதல் 5.5 வரை. அந்த மண்ணில் எலும்பு, வினிகரில் போட்ட முட்டை ஓடு மாதிரி மெல்லக் கரையும். பல் எனாமல்தான் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அதனால் தாசில்தார் முன்னிலையில் தோண்டும்போது, விவரமான இன்ஸ்பெக்டர் மண்ணைச் சல்லடையில் சலிக்கச் சொல்வார். ஒரு கடைவாய்ப்பல் சிக்கினாலும் டிஎன்ஏ கிடைக்க வாய்ப்புண்டு.

இப்போது விசா இல்லாமல் இங்கிலாந்து போவோம். 1983 மே, செஷைர் பகுதியில் லிண்டோ மாஸ் என்ற சதுப்பு. செடிகள் மட்கிச் சேர்ந்த கறுப்பு மண்ணை வெட்டி எடுக்கும் இடம். மெஷின் பெல்ட்டில் சேறு அப்பிய உருண்டை ஒன்று வந்தது. கழுவினால் மண்டையோடு, முடியும், ஒரு கண்விழியின் மிச்சமும் அப்படியே இருந்தன! அந்தச் சதுப்பை ஒட்டிக் குடியிருந்த ஒருவரின் மனைவி 20 வருஷத்துக்கு மேலாகக் காணவில்லை. போலீஸ் போய் விசாரித்ததும் ஆள் ஆடிப்போய், “நான்தான் கொன்றேன்” என்று ஒப்புக்கொண்டார்.

அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டு லேப் ரிப்போர்ட் வந்தது. மண்டையோடு கி.பி. 210 வாக்கில் வாழ்ந்தவருடையது! ரோமர் காலம்! மனிதர் வாக்குமூலத்தை வாபஸ் வாங்கப் பார்த்தார், நடக்கவில்லை. அந்த டிசம்பரிலேயே ஆயுள் தண்டனை. மனைவியின் உடல் கிடைக்கவே இல்லை.

இதே ஆள் கோத்தகிரியில் மாட்டியிருந்தால்? பெரும்பாலும் வீட்டுக்குப் போயிருப்பார். நம் சட்டத்தில் போலீஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. மாஜிஸ்திரேட் முன்னால் சொல்ல வேண்டும். குற்றவாளி சொல்லி ஒரு பொருள் கிடைத்தால் அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்வார்கள். இங்கேதான் எதுவுமே கிடைக்கவில்லையே! லாக்கப் அடியை நினைத்தால் இந்தப் பாதுகாப்பு வேண்டும் என்பேன். அந்தப் பெண்ணை நினைத்தால் வயிறு எரிகிறது. நீங்கள் எந்தப் பக்கம்? கமெண்டில் சண்டை போடுங்கள்.

“கோத்தகிரி என்றால் கொடநாடு எஸ்டேட் கொலை, கொள்ளை வழக்கு எங்கே?” என்று கேட்பீர்கள், தெரியும். 2017-ல் சம்பவம், 2021-ல் மேல் விசாரணை, 2022-ல் சிபிசிஐடி. அதற்குத் தனி வீடியோ வேண்டும். பெல்லை அமுக்கி வையுங்கள்!