தாது வருஷம் என்று கேளுங்கள்

(சேலத்தில் முதுகலை வரலாற்று மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். உங்களில் சிலர் 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தை ஆய்வேட்டுக்கு எடுத்திருப்பதாக உங்கள் பேராசிரியர் சொன்னார். நெஞ்சு நிறைந்தது. 1871 குடிக்கணக்கில் சேலம் மாவட்டத்து மக்கள் 19 லட்சத்துக்கும் மேல். 1881இல் எண்ணியபோது 16 லட்சம்கூடத் தேறவில்லை. இந்த ஊரில் படித்துக்கொண்டு அவர்களைத் தேடாமல் வேறு யாரைத் தேடுவது?

தேடப் போனவர்களோ "நூலகத்தில் ஒன்றும் இல்லை ஐயா" என்கிறார்கள். உங்கள் வயதில் நானும் அப்படித்தான் சொன்னேன். ஒரு நூலகத்தில் 'பஞ்சம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று நாள் பட்டியல் அட்டைகளைப் புரட்டினேன். நான்காம் நாள், புத்தகம் எடுத்துத் தரும் பெரியவர் கேட்டார்: "எந்தப் பஞ்சம் தம்பி? தாது வருஷத்துப் பஞ்சமா?"

எனக்குக் கதவு திறந்தது அந்தக் கேள்வியில்தான். பஞ்சத்தை அனுபவித்தவர்களுக்கு அது 1876 அல்ல, தாது வருஷம். கொங்குப் பக்கத்தில் பஞ்சத்துக்குக் கருப்பு, கரிப்பு என்றும் பெயர் உண்டு. அவர்கள் அதைக் கட்டுரையாக எழுதவில்லை. கும்மியாகவும் சிந்தாகவும் பாடினார்கள். அவை மலிவுத் தாளில் சிறு பிரசுரங்களாக வந்தன. ஆகவே பட்டியலில் 'வரலாறு' என்ற தலைப்போடு நிற்காதீர்கள். கும்மி, சிந்து என்ற தலைப்புகளையும் பாருங்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய பழைய அச்சுகளைப் போற்றி வைத்திருக்கும் இடம். அங்கே பட்டியலைப் பார்ப்பதோடு, பணியாளர்களிடமும் வாய்விட்டுக் கேளுங்கள்.

அரசு ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். போவதற்கு முன் லெ ஃபனு எழுதி 1883இல் வெளிவந்த சேலம் மாவட்டக் கையேட்டைப் படித்துவிடுங்கள். அன்றைய சேலம் மாவட்டத்துக்குள் இன்றைய தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அடக்கம். ஈரோடு அன்று கோயம்புத்தூர் மாவட்டம். இது தெரியாமல் போனால் வேறு மாவட்டத்துக் கட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

காப்பகத்தில் ஒரு பொருளைப் பற்றிய தாள்கள் எல்லாம் ஒரே கட்டில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். எந்தத் துறை அந்தக் கடிதத்தைக் கையாண்டதோ அந்தத் துறையில்தான் அது கிடக்கும். வரி வஜா, அதாவது வரித் தள்ளுபடி, வருவாய் வாரியத்தில். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி பஞ்ச நிவாரண வேலைதான். அதைப் பொதுப்பணித் துறையில் தேட வேண்டும்.

சாவைப் பற்றிய வாதம் எங்கே இருக்கிறது? சுகாதாரத் துறையில். 1877 தொடக்கத்தில், பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியைக் குறைத்தார்: ஓர் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, கூடவே ஓர் அணா. அதை உண்டு உழைக்கும் உடம்பு தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். அரசுக்குள்ளேயே நடந்த அந்தச் சண்டையை 'பஞ்சம்' என்ற தலைப்பை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பவர் தவறவிட்டுவிடுவார். அப்போது பத்திரிகை ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878இல் இரண்டு தொகுதிகளாக எழுதிய நூலிலும் இந்த விவாதம் விரிவாக இருக்கிறது. அதன் பின்னிணைப்புகளைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

இன்னொன்று. லண்டன் மிஷன் சங்கத்துப் பாதிரிமார்கள் அப்போது சேலத்தில் இருந்தார்கள். அந்தச் சங்கத்தின் ஆவணங்கள் இன்று லண்டனில், கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான கல்லூரியின் (SOAS) நூலகத்தில் உள்ளன. நேரில் போக முடியாவிட்டால் என்ன, கடிதம் எழுதிக் கேட்கலாம்.

பார்க்கும் ஒவ்வொரு தாளுக்கும் துறை, அரசாணை எண், தேதி மூன்றையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, ஒரு தாலுகாவை மட்டும் எடுத்துக்கொண்டு, கலெக்டரின் கடிதத்தையும் கும்மியையும் ஒரே மேசையில் வைத்துப் படியுங்கள். எத்தனை பேர் கஞ்சித் தொட்டிக்கு வந்தார்கள் என்று கலெக்டர் எழுதியிருப்பார். வராமல் வீட்டுக்குள்ளேயே படுத்துக்கொண்டவர்களைப் பற்றிக் கும்மியில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எனக்கும் சொல்லுங்கள். நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.