சுக்கும் மிளகும் நெல்லைச் சீமைக்குப் போன கதை

நேயர்களுக்கு வணக்கம்.

நான் வங்கியில் வேலை பார்க்கிறவள். இருபத்திரண்டு வருடத்தில் ஆறு ஊர் பார்த்தாயிற்று. எந்தப் பெட்டியில் எதைக் கட்ட வேண்டும், கேஸ் அடுப்பை எப்போது கழற்ற வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்தில்கூட வரும். அந்தத் தைரியத்தில்தான் போன மே மாதம் தாம்பரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு மாற்றல் வந்தபோதும் அலட்டிக்கொள்ளாமல் இருந்தேன். ஆனால் இந்த முறை வீட்டில் இரண்டு பூனைகள் இருந்தன. பழுப்பு நிறத்தில் ஆண் ஒன்று, சுக்கு. கறுப்புப் பெண் ஒன்று, மிளகு. திப்பிலி எங்கே என்று கேட்காத ஆளே கிடையாது.

ஏறத்தாழ அறுநூறு கிலோமீட்டர். காரில்தான் கூட்டிப் போகிறோம் என்றதும் என் மாமியார் சொன்னார்: “கிளம்பும்போது பூனை குறுக்கே போனாலே ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு உட்கார்ந்துட்டுப் போவாங்க. நீ ரெண்டைக் காருக்குள்ளேயே ஏத்திட்டுப் போறியே!” குறுக்கே போனால்தானே அத்தை சகுனம், கூடவே வந்தால் துணை என்று சொல்லிச் சமாளித்தேன்.

நாய் ஆளை நம்பி இருக்கும், பூனை வீட்டை நம்பி இருக்கும் என்று நம் பக்கம் சொல்வார்கள். கிராமத்தில் தொல்லை கொடுக்கும் பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டு வருவார்கள். மூன்றாம் நாள் அது அடுப்படியில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் பூனை வீடு என்று நினைப்பது சுவரையும் கூரையையும் அல்ல, வாசனையை. அதன் கன்னத்திலும் மோவாயிலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. மேசைக்கால், கதவு நிலை, நம் கணுக்கால் என்று போகிற வருகிற இடத்திலெல்லாம் கன்னத்தைத் தேய்க்கிறதே, அது கொஞ்சல் மட்டுமில்லை. இது என் இடம் என்று பட்டா எழுதிக்கொள்கிறது. நாமோ வீடு மாறும் முன் திரை, மெத்தை உறை, போர்வை எல்லாவற்றையும் துவைத்து மடித்துத்தான் பெட்டியில் வைப்போம். பூனையின் பத்திரத்தையே சோப்புப் போட்டு அழித்துவிட்டுப் புது வீட்டில் கொண்டுபோய் இறக்கினால் அது எங்கே போகும்?

அதனால் ஒரு மாதம் முன்பே ஒரு பழைய போர்வையை எடுத்து, இதை யாரும் துவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இரண்டும் அதில்தான் படுக்கும்.

அடுத்தது கூண்டு. பரணிலிருந்து கூண்டு இறங்கினாலே ஊசி போடப் போகிறார்கள் என்று பூனைக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியில் மறைந்துவிடும். அதையும் ஒரு மாதம் முன்பே இறக்கி, கதவைக் கழற்றிக் கூடத்தில் வைத்தேன். உள்ளே அந்தப் போர்வையின் ஒரு துண்டு, மேலே அவித்த மீன் இரண்டு விள்ளல். முதல் மூன்று நாள் கழுத்தை மட்டும் நீட்டித் தின்றுவிட்டு ஓடின. பத்தாம் நாள் மிளகு உள்ளே சுருண்டு தூங்கினாள். அப்புறம் கதவை மாட்டி ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். பிறகு காரில் தெருமுனை வரை, சேலையூர் வரை. கணவர், “பெட்ரோல் விலை தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன்.

கால்நடை மருத்துவரிடம் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, உடல்நலச் சான்று இரண்டையும் முடித்தோம். நாய், பூனையை வெளியூருக்குக் கொண்டுபோகும்போது இந்தச் சான்று கூட இருக்க வேண்டும் என்று 1978-ஆம் வருடத்து விலங்குப் போக்குவரத்து விதிகளிலேயே இருக்கிறது. சொந்தக் காரில் போன எங்களை வழியில் ஒருவரும் கேட்கவில்லை என்பது வேறு. பதற்றம் குறைய அவர் கேபாபென்டின் என்ற மாத்திரையை எடைக்குத் தகுந்தபடி எழுதிக் கொடுத்து, “கிளம்புகிற அன்றைக்கு முதல் தடவையாகக் கொடுக்காதீர்கள், முன்னாலேயே ஒருநாள் வீட்டில் கொடுத்துப் பாருங்கள்” என்றார். கொடுத்தோம். சுக்கு சோபாவில் ஏறக் குறிபார்த்து, ஒரு சாண் தள்ளி விழுந்து, ஒன்றும் நடக்காதது போல நக்கிக்கொண்டான். முன்பே தெரிந்ததால் நடுவழியில் பயப்படாமல் இருந்தோம். தயவுசெய்து மனிதர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நாம் தலைவலிக்குப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

லாரி வந்த அன்று பூனைகளைக் குளியலறையில் விட்டுக் கதவில் தாள் ஒட்டினேன்: ‘உள்ளே பூனை, திறக்காதீர்கள்.’ கொட்டை எழுத்தில், அழகான தமிழில். சாமான் ஏற்ற வந்த பையன்கள் ஒடிசாக்காரர்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒருவன் வாளியை எடுக்கக் கதவைத் திறந்தான். மிளகு அவன் காலிடையில் பாய்ந்து, சமையலறைப் பரணில் ஏறி, காலிப் பானைகளுக்குப் பின்னால் போய்விட்டாள். நான் கூப்பிடக் கூப்பிட இன்னும் உள்ளே போனாள். கடைசியில் அந்தப் பையனே எங்களையெல்லாம் வெளியே போகச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, ஏணியில் அசையாமல் உட்கார்ந்து நாக்கைத் தட்டி ஏதோ சத்தம் கொடுத்தான். முக்கால் மணி நேரம். அவன் தோளில் தொற்றிக்கொண்டு இறங்கி வந்தாள். ஊரில் அவன் வீட்டிலும் பூனை உண்டாம். நீங்கள் தாள் ஒட்டுங்கள், ஆனால் பூட்டும் போடுங்கள்.

கத்திரி வெயிலுக்குப் பயந்து விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். முதல் நாள் இரவு ஒன்பதுக்குமேல் சாப்பாடு இல்லை, தண்ணீர் மட்டும். ஒரு மணிக்கு மாத்திரை. பால் கிடையவே கிடையாது. பூனை என்றாலே பால் என்று நாம் நினைத்தாலும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காது, வயிற்றைக் கலக்கும். காருக்குள் அதை யார் துடைப்பது?

அப்படியும் துடைக்கத்தான் வேண்டியிருந்தது. மிளகு தெருமுனையில் ஆரம்பித்த கத்தலை நிறுத்தவில்லை. குழந்தை அழுவது போல, அடிவயிற்றிலிருந்து. கூடுவாஞ்சேரி தாண்டும் முன் கத்தல் நின்றது, அந்த வாசனை வந்தது. பூனையோடு பயணம் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், முதல் அரை மணியில் இது நடக்கும். பரனூர் சுங்கச்சாவடி தாண்டி ஓரங்கட்டினோம். கண்ணாடிகள் மூடியபடி, ஏசி ஓட, செல்போன் வெளிச்சத்தில் கூண்டை மடியில் வைத்து மேல் மூடியைத் திறந்து, ஒரு கை அவள் முதுகில், ஒரு கை நனைந்த விரிப்பில். நோயாளிகளுக்குப் படுக்கையில் போடும் விரிப்பை மூன்று அடுக்காகப் போட்டிருந்ததால் மேலடுக்கைச் சுருட்டி எடுத்தால் போதுமாக இருந்தது. அதற்குள் சுங்கச்சாவடி ஆள் ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டி, “என்ன மேடம், ஏதாவது பிரச்சினையா?” என்றார். இறக்காதே, இறக்காதே என்று நான் போட்ட சத்தத்தில் அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். அந்த நேரத்தில் கண்ணாடி ஒரு சாண் இறங்கினாலும் போதும், பூனை நெடுஞ்சாலையில் இருக்கும்.

அப்புறம் விக்கிரவாண்டி. மிளகுக்குப் பிளாஸ்டிக் கூண்டு, சுக்குக்கு ஜிப் வைத்த துணிப்பை. பையில்தான் அவனுக்குப் பிடித்திருக்கிறது என்று நானே இரக்கப்பட்டு வாங்கியது. அவன் இரண்டு மணி நேரம் மூக்கால் ஜிப்பை நெம்பியிருக்கிறான். பின்சீட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நான் கண்ணயர்ந்த ஐந்து நிமிடத்தில் முன்சீட்டுக்கு அடியில் நுழைந்து என் கணவர் காலருகே போய்விட்டான். பிரேக்கை மிதிக்கக் கால் வைத்தவருக்கு ஏதோ மெத்தென்று பட்டிருக்கிறது. நல்லவேளை, சுங்கச்சாவடிக்காக வேகம் குறைத்திருந்தோம். பிடரியையும் பின்புறத்தையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கிப் பைக்குள் போட்டு, ஜிப்பின் இரண்டு முனைகளையும் என் புடவை ஊக்கால் கோத்தேன். பாளையங்கோட்டை வரை அந்த ஊக்குதான் எங்களைக் காப்பாற்றியது. துணிப்பை வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. ஊக்கு இல்லாமல் வேண்டாம்.

திருச்சியில் காலை டிபன். ஒருவர் சாப்பிட, ஒருவர் காரில். பத்து நிமிடந்தானே என்று பூட்டிவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கிற காருக்கு அது தாராளம். பூனைக்கு வியர்ப்பது உள்ளங்காலில் மட்டுந்தான். நாய் மாதிரி வாயைத் திறந்து இரைத்தால் அது விளையாட்டில்லை. வண்டியைக் குளிர்வித்து, பாதத்தை ஈரத்துணியால் ஒற்றியபடியே மருத்துவரைத் தேட வேண்டும். எங்களுக்கு அந்த நிலை வரவில்லை. கூண்டுமேல் மெல்லிய வேட்டியைப் போர்த்தியதும் இரண்டும் அடங்கிவிட்டன. மதுரை, சாத்தூர், கோவில்பட்டி எல்லாம் தூக்கத்திலேயே போயின. கயத்தாறு காற்றாலைகள் தெரிந்தபோது நானும் தூங்கிக்கொண்டிருந்தேன்.

புது வீட்டில் எங்களுக்கு முன்பே சொந்தக்காரர்கள் வந்து காத்திருந்தார்கள், பால் காய்ச்ச. வாசல் கதவு விரியத் திறந்து, சாம்பிராணிப் புகை, பத்துப் பன்னிரண்டு செருப்பு. பால் காய்ச்சுகிற நேரத்தில் பூனையைப் பூட்டி வைக்கிறாளே என்று ஒரு சித்தி சிரித்தார். பின்கட்டு அறை ஒன்றில் இரண்டையும் விட்டு, ஓரத்தில் அந்த அழுக்குப் போர்வை, பழைய கிண்ணங்கள், தாம்பரத்திலிருந்து ஒரு பையில் கொண்டுவந்த பழைய மணலில் இரண்டு பிடி தூவிய, அவை மலஜலம் கழிக்கிற மண்தட்டு. வெளியே பூட்டு. பாடம் படித்தாயிற்றே.

அன்றிரவு என்னைக் கலக்கியது சுக்கு. ஆண் பூனைக்குப் பதற்றத்தில் சிறுநீர் அடைத்துக்கொள்வது உண்டு. அடிக்கடி மண்தட்டில் ஏறி முக்கியும் வரவில்லை என்றால் உடனே ஓட வேண்டும் என்றும், முக்காவிட்டாலும் ஒரு நாளுக்குமேல் காத்திருக்கக் கூடாது என்றும் மருத்துவர் எச்சரித்திருந்தார். இவன் முக்கவில்லை, ஆனால் கடைசியாகப் போனது அதிகாலை இரண்டு மணிக்கு. இரவு பதினொன்று. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எப்படிப் போவது என்று பார்த்து வைத்துவிட்டு, இருட்டில் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரை இருக்கும். சரக், சரக் என்று மண்ணைப் பறிக்கிற சத்தம். பிறகு சிறிது நேரம் அமைதி. மறுபடி சரக், சரக். வங்கியில் பதவி உயர்வு வந்த அன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

மறுநாள் காலை சாப்பாட்டையும் தொட்டார்கள். இரண்டு நாள் அடுத்தடுத்துப் பட்டினி கிடந்தால் பூனைக்குக் கல்லீரல் கெடத் தொடங்கும் என்பதால் அதையும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு நாள் ஒன்றைப் பார்த்து ஒன்று சீறியது, வாசனை மாறிப்போனதால். போர்வையால் இரண்டையும் மாற்றி மாற்றித் துடைத்துவிட்டேன். ஒவ்வோர் அறையாகத் திறந்து, ஜன்னல் கம்பிகளுக்கு வலை அடித்து, மூன்று வாரம் வாசல்பக்கமே விடவில்லை. நான்காவது வாரம் சுக்கு புதுக் கதவு நிலையில் கன்னத்தைத் தேய்த்தான், ஒரு தடவை, பிறகு மறுபக்கக் கன்னத்தால் இன்னொரு தடவை.

அந்தப் போர்வை இன்னும் கூடத்தில்தான் கிடக்கிறது. விருந்தாளி வருகிறார்கள், இப்போதாவது துவைக்கலாமா என்று அத்தை வாரம் ஒரு தடவை கேட்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

வணக்கம்.