புதைச்சாலும் திரும்பி வருவா

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இருக்கறது கொஞ்ச நேரம், வணக்கம் இவ்வளவுதான்.

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவை எழுதவைத்தது அவர் மூளையா, அவர் வாழ்வில் வந்த பெண்களா? பெண்களேன்னு பேச வந்திருக்கேன்.

எதிரணித் தம்பி ஒரு போடு போட்டார். "போ கதையில பொண்ணாப் பொறந்தா எந்த இன்ஷூரன்ஸ்காரனும் பாலிசி போடமாட்டான்." கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன். ஆனா தம்பி, அவ செத்துடுவாளேன்னு இன்ஷூரன்ஸ்காரன் பயப்படல. க்ளெய்ம் பணத்தைக் கொடுத்த மறுவாரமே திரும்பி வந்து நிப்பாளேன்னு பயப்படறான்!

போ கதைகளோட கணக்கைப் பாருங்க. 1835, 'பெரனிஸ்': புதைச்சாங்க, உள்ளே உயிரோட இருந்தா. அதே வருஷம் 'மொரெல்லா': செத்தவ மகளா வந்து பொறந்தா. அந்த மகளும் செத்து, கல்லறைக்குக் கொண்டுபோனா உள்ளே தாயைக் காணோம். 1838, 'லைஜியா'. இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்லணும். மனைவி லைஜியா செத்தா. ஐயா ரெண்டாம் கல்யாணம் பண்ணினார். இளையவ ரொவீனாவும் செத்தா. ராத்திரி, பிணத்துக்குப் பக்கத்துல தனியா உட்கார்ந்திருக்கார். கன்னத்துல லேசா சிவப்பு. ஓடிப்போய்த் தேய்ச்சுவிடறார், அடங்கிடுது. மறுபடி சிவப்பு, மறுபடி ஓட்டம், மறுபடி அடங்குது. விடிய விடிய இதே கூத்து! கடைசியில பிணம் எழுந்து நடந்து வருது. முகத்துணி விலகுது. ரொவீனாவுக்குப் பொன்னிற முடி. சரிஞ்சு விழுந்ததோ கன்னங்கரேல்னு கூந்தல். வந்தவ மூத்தவ! ரெண்டாம் கல்யாண யோசனை உள்ளவங்க யாராவது இருந்தா, இதைப் பகல்லயே படிச்சுடுங்க.

1839, 'அஷர்': அஷரோட தங்கை மேடலினைப் பெட்டியில வச்சு, மூடியைத் திருகாணி போட்டு முடுக்கி, இரும்புக் கதவையும் சாத்தினாங்க. ஏழெட்டு நாள்ல ரத்தக்கறையோட வாசல்ல நிக்கறா.

பொண்ணைச் சாகடிச்சுப் பிழைக்கிறவன் இப்படி எழுதமாட்டான் தம்பி. செத்தவளை அனுப்பமாட்டேன்னு அடம்பிடிக்கிற பிள்ளைதான் எழுதுவான். நாடக நடிகை எலிசா போ, அவரைப் பெத்த அம்மா, 1811 டிசம்பர் 8, ரிச்மண்ட் நகரத்துல காசநோயில இறந்தாங்க. பிள்ளைக்கு மூணு வயசு நிறையல. வளர்த்த அம்மா பிரான்சிஸ் ஆலன் 1829 பிப்ரவரி 28 அன்னிக்கு. பட்டாளத்துலேர்ந்து ஓடி வந்தார், அடக்கம் முடிஞ்சிருந்தது.

'அண்டங்காக்கை' கவிதை 108 வரி, கணக்குப் போட்டுக் கட்டினேன்னு போவே கட்டுரையில எழுதியிருக்காரேன்னு தம்பி கேட்டார். எழுதினார், 1846ல. அழகான பெண்ணோட சாவுதான் உலகத்துலயே ரொம்பக் கவித்துவமான விஷயம்னு அதே கட்டுரையில இருக்கு. அப்போ அவர் வீட்டுல யார் இருமிக்கிட்டிருந்தாங்க?

வர்ஜீனியா. அத்தை மகள், நம்ம கணக்குல முறைப்பொண்ணு. 1836ல கல்யாணம், வயசு 13, பத்திரத்துல 21ன்னு எழுதினாங்க. அதுக்கு நான் வக்காலத்து வாங்கல. 1842 ஜனவரியில பாடிக்கிட்டிருந்தப்போ வாயில ரத்தம். பிழைச்சா. ஒரு வருஷம் கழிச்சு மறுபடி ரத்தம், மறுபடி பிழைச்சா. ஒவ்வொரு தடவையும் அவ சாவோட வேதனை முழுக்க அனுபவிச்சேன்னு 1848ல ஒரு கடிதத்துல எழுதறார். ரொவீனா கன்னத்துச் சிவப்பை எழுதினவர் வீட்டுலயே அது நடந்தது.

1846 பிப்ரவரி 14. அந்தப் பொண்ணு புருஷனுக்கு ஒரு கவிதை எழுதினா. வரிகளோட முதலெழுத்தை மேலேர்ந்து கீழே படிச்சா எட்கர் ஆலன் போ. ஊர் வம்பு எட்டாத ஒரு குடிசை போதும், நம்ம அன்பே என் நுரையீரலை ஆத்திடும்னு கேட்டா. சில மாசத்துல நியூயார்க் பக்கத்து ஃபோர்டாம்ல குடிசை கிடைச்சது. குளிரும் வந்தது. வைக்கோல் படுக்கை. மேல போர்த்த அவர் கோட்டு. நெஞ்சுச் சூட்டுக்குக் கேட்டரினாங்கற பூனை. அவ கையைப் பிடிச்சு அவர் சூடேத்தினார், அவ காலைப் பிடிச்சு அத்தை.

1847 ஜனவரி 30. வயசு 24. எலிசா போனதும் அதே 24லதான்.

இந்தத் தடவை யாரும் திரும்பி வரல தம்பி. மணி அடிச்சாச்சு, உட்கார்ந்துடறேன் நடுவரே.